வயசு வச்சவன்

உக்காருங்க சார், உக்காருங்க. பையை நான் மடியில வச்சுக்கிறேன். மருதக்குடி வரைக்குமா? அப்ப நல்ல நேரம் இருக்கு. நான் அதுக்கும் அங்கிட்டு, கடைசி ஸ்டாப்பு.

அந்தா, டிரைவருக்குப் பின்னால ரெண்டாவது சீட்டுல, ஊதாச் சீலை கட்டிக்கிட்டு சன்னல் பக்கம் மொகத்தைத் திருப்பி வச்சிருக்குல்ல, அது என் கூடப் பொறந்தது. முத்துராக்கு. ஊருல எனக்குத் தங்கச்சி, ஆஸ்பத்திரில எனக்கு அக்கா. சிரிக்காதீக சார், எங்க ஊருல பாதிக் குடும்பம் இப்படித்தேன். பக்கத்துல பச்சைச் சீலை எம் பொண்டாட்டி பூமயிலு. பஸ் ஏறுனதுலருந்து ரெண்டு பேரும் எங்கூட ஒரு வார்த்தை பேசலை. பஸ் ஸ்டாண்டுல டீ வாங்கிக் குடுத்தேன், தங்கச்சி கையில வாங்கி அப்படியே கீழ ஊத்திருச்சு. நாலு பேரு பாக்க. எனக்கு எப்படி இருக்கும்?

நீங்களே ஒரு ஞாயம் சொல்லுங்க. யார்கிட்டயாவது கொட்டுனாத்தேன் எனக்கு நெஞ்சு ஆறும்.

எம் பேரு சாத்தையா. தலையாரியா இருந்து ரிட்டயர்டு ஆனவன். தலையாரின்னா சின்ன வேலைதேன், வி.ஏ.ஓ. பின்னாடி கணக்குக் கட்டைத் தூக்கிக்கிட்டு அலையுறது. ஆனா ஊருல ஒரு காரியம்ன்டா எங்கிட்டதேன் வருவாக. முதியோர் பணம் வேணும்ன்டா சாத்தையா. அட்டையில பேரு தப்புன்டா சாத்தையா. இன்னைக்கு எங்க ஊருல மாசாமாசம் அந்தப் பணம் வாங்குற கெழடுகட்டையில முக்காவாசிப் பேரு என்னால வாங்குறவுக. அவுகளுக்குப் பேரு வச்சது அப்பன் ஆத்தா, வயசு வச்சது நான். இதை ஒளிவு மறைவா சொல்லலை, பெருமையாவேதேன் சொல்றேன்.

எப்படி வச்சேன்டு கேளுங்க. எங்க பக்கத்துல எந்தக் கெழவிக்குப் பொறந்த தேதி இருக்கு? பள்ளிக்கூடம் பாத்திருந்தாத்தானே. அறுபத்தி நாலுல அடிச்ச புயலுக்கு முன்னயா, புயலுக்குப் பின்னயா, அவ்வளவுதேன் கணக்கு. அரசாங்கம் அறுபது முடியட்டும்ங்குது. எங்க ஆளுக கருவேல மரம் வெட்டி கரிமூட்டம் போடுறவுக சார். அந்தப் பொகையில வெந்து வெந்து நாப்பத்தஞ்சுலயே இடுப்பு விழுந்துரும். அறுபதுக்கு எத்தனை பேரு போய்ச் சேருவாக? அதனால வயசைக் கொஞ்சம் முன்னால இழுத்து வச்சுக் குடுத்தேன். தப்பா? பூராப் பேரும் கஞ்சி குடிக்கிறாகள்ல? நான் எதுவும் கேட்டு வாங்குனதில்ல. அவுகளாக் குடுத்தா வேணாம்ன்டு சொன்னதும் இல்ல.

தங்கச்சிக்கு அப்ப நாப்பத்தஞ்சு. அது புருஷன் பக்கவாதம் வந்து படுத்த படுக்கை, இருந்தும் இல்லாத மாதிரி. விதவைப் பணத்துக்கும் வழியில்ல. நான்தேன் வயசுச் சான்று குடுக்குற டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போனேன். என்னென்னமோ சொல்லணும்ன்டு மனசுக்குள்ள தயார் பண்ணி வச்சிருந்தேன். அந்த டாக்டரு ஒரு தடவை நிமிந்து மொகத்தைப் பாத்தாரு, வாயைத் தொறக்கச் சொல்லி பல்லைப் பாத்தாரு, அறுபதுன்டு எழுதிட்டாரு. நான் ஒரு பொய்யும் சொல்ல வேண்டி வரலை! வர்ற வழியெல்லாம் தங்கச்சி அழுதுக்கிட்டே வந்துச்சு. பணம் வரப்போற சந்தோசத்துல அழுகுதுன்டு நான் முறுக்கு வாங்கிக் குடுத்தேன்.

இப்ப நெசத்துல அறுபது, அட்டையில எழுபத்தஞ்சு. பணம் எடுக்குற கார்டு எங்கிட்டதேன் இருக்கு, அதுக்கு அந்த மிசின்ல எடுக்கத் தெரியாது.

எம் பொண்டாட்டிக்கும் வச்சேன். தலையாரி பொண்டாட்டின்டா குடுக்க மாட்டாகன்டு, அவ அப்பன் வீட்டு முகவரியில போட்டு வாங்குனேன். அவ வேணாம் வேணாம்ன்டுதேன் சொன்னா. பொம்பளைக்கு என்ன தெரியும். கணக்குப்படி பாத்தா இப்ப அவளும் எனக்கு மூத்தவ. எனக்கு அறுபத்தெட்டு, சர்வீசு புஸ்தகத்துல இருக்குறதால என் வயசை மட்டும் அசைக்க முடியாது. என் வீட்டுலயே நாந்தேன் சின்னப்பய சார்.

சரி, விசயத்துக்கு வாரேன்.

தங்கச்சிக்கு பொம்பளைகளுக்கு வர்ற எடத்துல ஒரு கட்டி. புரியுதுல்ல, நான் வெவரமா சொல்ல முடியாது. சின்னதாத்தேன் இருந்திருக்கு. யார்கிட்டயும் சொல்லலை. வெறகு தூக்குறதுல ரத்தம் கட்டிருச்சுன்டு மஞ்சளை அரைச்சுத் தடவிக்கிட்டே இருந்திருக்கு. கெணத்தடியில குளிக்கும்போது பூமயிலு பாத்துட்டு வந்து எங்கிட்டச் சொன்னா. மறுநாளே கூட்டிட்டுக் கெளம்புனேன் சார். ஒரு நாள் தாமசிக்கலை. இதையும் நீங்க கணக்குல வச்சுக்கங்க.

நாங்க போனது அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரி. வாசல்ல கூட்டம், உள்ள கூட்டம், படுத்திருக்குறவுகளைத் தாண்டித்தேன் நடக்கணும். சீட்டுப் போடுற எடத்துல ஒரு அம்மா தங்கச்சி அட்டையையும் என் அட்டையையும் மாறி மாறிப் பாத்துச்சு. "பாட்டிக்கு நீங்க தம்பியா?"ன்டு அதுவாக் கேட்டுச்சு. நான் என்ன சொல்ல? அண்ணன்டு சொன்னா, அண்ணனுக்கு அறுபத்தெட்டு, தங்கச்சிக்கு எழுபத்தஞ்சா? காப்பீட்டுல ஓசியாப் பாக்குறது அட்டையை வச்சுத்தேன். அதுல சிக்கல் வந்தா வைத்தியமே நின்டுரும்ல? அதனால ஆமா, தம்பிதேன்டுட்டேன். தங்கச்சிகிட்டயும் சொன்னேன், இந்தா பாரு, இந்தக் கேட்டுக்குள்ள இருக்குற வரைக்கும் நீ என்னைத் தம்பின்டு கூப்பிடு, வெளிய வந்து அண்ணன்டு கூப்பிட்டுக்கலாம்.

அது கூப்பிடலை சார். அன்னையிலருந்து ஆஸ்பத்திரிக்குள்ள என்னை ஒண்ணுமே சொல்லிக் கூப்பிடுறதில்ல. எதுனாச்சும் வேணும்ன்டா என் கையைத் தட்டும். அவ்வளவுதேன்.

ஊசி போட்டு சதை எடுத்தாக, படம் எடுத்தாக, இன்னைக்கு வா நாளைக்கு வான்டு அலைய விட்டாக. கடைசில ஒரு சின்னப் பொண்ணு டாக்டரு கூப்பிட்டு உக்கார வச்சுச்சு. நல்ல பொண்ணுதேன், பாவம், அதுக்கு முன்னால அம்புட்டுக் கூட்டம். கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே சொல்லுச்சு. "பாட்டிக்கு கேன்சர்தான். ஆனா ஆபரேஷன், கீமோ எதுவும் வேண்டாம். எழுபத்தஞ்சு வயசுல உடம்பு தாங்காது. மாத்திரை எழுதித் தரேன், தினம் ஒண்ணு போடட்டும். கொஞ்சம் கட்டுக்குள்ள இருக்கும்."

எம்புட்டு நாளைக்கும்மான்டு கேட்டேன். "இருக்கற வரைக்கும்"னு சொல்லுச்சு.

ஒளிக்காமச் சொல்றேன் சார், எனக்கு அப்ப நிம்மதியாத்தேன் இருந்துச்சு. கத்தி வேணாம், ரத்தம் வேணாம், மாத்திரையோட போகுது. எங்க ஆத்தாவை வயித்து வலின்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயி வயித்தைக் கிழிச்சாக, திரும்ப வரும்போது துணி சுத்தித்தேன் வந்துச்சு. அந்தப் பயம் எனக்கு இன்னும் போகலை. எனக்கு இருக்குறது ஒரே ஒரு தங்கச்சி.

ஆனா அது சும்மா இருக்கணும்ல? காலையில மில்லுக்காரர் வீட்டுல வாசல் கூட்டி, ஏனம் பாத்திரம் கழுவிப் போட்டுட்டுத்தேன் கரிமூட்டத்துக்குப் போகும். அந்த மில்லுக்காரரோட அம்மா ஒண்ணு இருக்கு. எம்பத்தொண்ணு வயசு. நெசமாவே எம்பத்தொண்ணு, நான் வச்சதில்ல. அந்த அம்மாவுக்கும் இதே எடத்துல இதே கட்டி. தனியார் ஆஸ்பத்திரில வச்சு எடுத்துட்டாக. இப்ப கோயிலைச் சுத்தி நடக்குது, பேரன் கல்யாணத்துல முன்வரிசையில உக்காந்து பாயாசம் குடிக்குது. நல்லா இருக்கட்டும், நல்ல மனுசி. அவுகளுக்கு வாய்ச்ச டாக்டரு அப்படி. அவரு வயசையே கேக்கலையாம். படி ஏறுறீகளா, மூச்சு வாங்குதா, ராத்திரி நல்லாத் தூங்குறீகளான்டு கேட்டாராம். நெஞ்சைச் சோதிச்சுட்டு, எடுத்துரலாம்ன்டாராம்.

தங்கச்சி போயி அந்த அம்மாகிட்ட அழுதிருக்கு. அந்த அம்மா கதவைச் சாத்திட்டு ரவிக்கையை வெலக்கித் தழும்பைக் காட்டிருக்கு. "இந்தா பாருடி, ஒரு கோடு, அம்புட்டுத்தேன், இதுக்கா பயப்படுறே"ன்டு சொல்லிருக்கு. பெரிய வீட்டுப் பொம்பளை இதெல்லாமா காட்டுவாக? காட்டப்போயித்தேன் இம்புட்டு வெனையும்.

அன்னைக்கே எங்க வீட்டுக்கு வந்துருச்சு. நான் சோத்துல கை வச்சிருந்தேன். வந்து நெலப்படியிலயே நின்டுக்கிட்டு கேக்குது: "அண்ணே, எம்பத்தொண்ணுக்கு அறுத்து எடுக்குறாக. அறுபதுக்கு ஏன் எடுக்க மாட்டேங்குறாக?"

நான் சொன்னேன், தாயி, அவுக காசு குடுத்துப் பாக்குறவுக, நாம கும்பிட்டுப் பாக்குறவுக. நமக்கு எது குடுக்குறாகளோ அதை வாங்கிக்கணும்.

"அதில்லண்ணே, அவுக எழுபத்தஞ்சுன்டு நெனச்சுத்தானே வேணாம்ங்குறாக? வச்ச வயசைத் திருப்பி எடுத்துக்கங்க"ங்குது.

என்னமோ நான் குடுத்த செம்பைத் திருப்பிக் குடுக்குற மாதிரி! எடுத்துக்கங்கன்டா எடுக்க முடியுமா சார்? நான் டாக்டருகிட்டப் போயி அறுபதுன்டு சொன்னா, அப்பறம் எப்படி எழுபத்தஞ்சு ஆச்சுன்டு கேப்பான்ல? யாரு எழுதுனாகன்டு தோண்டுவான். ஒரு அட்டையைத் தோண்டுனா அம்புட்டு அட்டையும் வெளிய வரும். ஊருல பூராக் கெழடுகளுக்கும் பணம் நின்டு போகும். நான் எனக்காகவா சொல்றேன்? ஊருக்காகச் சொல்றேன். இதைப் பொறுமையா எடுத்துச் சொன்னேன். அதுக்கு அது என்ன சொல்லுச்சு தெரியுமா?

"அம்புட்டுப் பேரும் சாகலைண்ணே. நாந்தேன் சாகப்போறேன்."

சோறு எறங்குமா சார் அதுக்கப்பறம்? பூமயிலு அடுப்படியில நின்டுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தேன் இருந்தா. என் தட்டை எடுத்துக் கழுவிட்டுப் போயிட்டா. நல்லது கெட்டது தெரிஞ்சவ, எம் பேச்சைத் தாண்ட மாட்டா.

தங்கச்சி அழுகை நிக்கலைன்டு, சரி, பெரிய டாக்டரு வர்ற அன்னைக்குப் போயி ஒரு வார்த்தை கேட்டுருவோம்ன்டேன். கேக்குறேன்டுதேன் சொன்னேன், வயசைச் சொல்றேன்டு சொல்லலை. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குல்ல?

அதுக்குத்தேன் இன்னைக்குப் போனது. பெரிய பெரிய டாக்டருக எல்லாம் ஒரு ரூம்புல உக்காந்து, இவுகளுக்கு அறுக்கலாம், இவுகளுக்குக் கரண்டு வைக்கலாம்ன்டு முடிவு எடுக்குற நாளாம். நல்லா ஏசி போட்ட ரூம்பு. எனக்கு உள்ள போனதும் உடம்பெல்லாம் வேர்க்குது. பூமயிலு திரைக்கு அங்கிட்டு நின்டா, உள்ள ஒரு ஆளுதேன் வரலாம்ன்டுட்டாக.

அந்தச் சின்னப் பொண்ணு டாக்டரு படிச்சுச்சு, இங்கிலீசுல. செவன்ட்டி ஃபைவ்ன்டு மட்டும் எனக்குப் புரிஞ்சுச்சு. பெரிய டாக்டரு அடுத்த சீட்டைக் கையில எடுத்துட்டாரு சார். அவ்வளவுதேன், முடிஞ்சுச்சு, நான் கும்பிடு போட்டுக் கெளம்பத் தயாரா நின்டேன். அப்ப அவரு பேனாவைக் கீழ போட்டுட்டாரு. அது உருண்டு மேசைக்கு அடியில போயிருச்சு. இந்த மூதி என்ன செஞ்சுச்சு, விறுக்குன்டு குத்தவச்சு, மேசைக்கு அடியில கையை விட்டு, எடுத்துக்கிட்டு எந்திரிச்சு அவரு கையில குடுக்குது. முட்டியில கை ஊனலை, எதையும் புடிக்கலை. வேலை செஞ்ச ஒடம்புல்ல.

அவரு அப்பத்தேன் மொதத் தடவையா அதைப் பாத்தாரு.

"என்னம்மா வேலை பாக்குறீங்க?"

"கரிமூட்டத்துக்கு வெறகு வெட்டுறேன் சார்."

"இன்னமுமா?"

"நேத்தும் வெட்டுனேன்."

கையை மேல தூக்கச் சொன்னாரு, தூக்குச்சு. ரூம்புக்குள்ள நடக்கச் சொன்னாரு, நடந்துச்சு. நாடியைப் புடிச்சுப் பாத்தாரு. பக்கத்துல இருந்தவருகிட்ட என்னமோ சொன்னாரு. என்னைப் பாத்து, "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"ன்னாரு. தம்பி சார்ன்டேன். பெறகு அதுகிட்டத் திரும்பி, "இவர் யாரும்மா?"ன்னாரு.

நான் அதைப் பாத்தேன். கண்ணாலயே கெஞ்சுனேன் சார். எங்கூடப் பொறந்தது, என் முதுகுல தூக்கி வளத்தது.

"எங்கண்ணன்"ன்டு சொல்லிருச்சு. "எனக்கு முந்திப் பொறந்தவரு. எனக்கு எழுபத்தஞ்சு இல்ல சார், அறுபது. புயல் அடிச்சப்ப எங்க ஆத்தா வயித்துல இருந்தேன். பணத்துக்காக வயசைக் கூட்டி வச்சிருக்கு. எனக்கு அந்தப் பணம் வேணாம் சார். என்னை அறுத்து விட்டுருங்க. நான் தாங்குவேன்."

ரூம்புல அத்தனை டாக்டரும் என்னைத்தேன் பாக்குறாக. படிக்கிற பிள்ளைக வேற சுத்தி நிக்குதுக. போலீசு, தாசில்தாரு, பென்சன் நின்டு போறது, ஊருல எல்லாரும் என் வாசல்ல வந்து மண்ணைத் தூத்துறது, எல்லாம் ஒரே நேரத்துல தெரியுது. அந்த நேரத்துல கடவுளாப் பாத்து எனக்கு ஒரு வார்த்தையைக் குடுத்தான்.

"அய்யா, கோவிச்சுக்காதீக. அக்காவுக்கு வயசாயிருச்சுல்ல, கொஞ்ச நாளாப் புத்தி தடுமாறுது. என்னையே யாருன்டு மாத்தி மாத்திச் சொல்லும்"ன்டேன்.

எப்படி? சட்டுன்டு சமாளிச்சேன்ல? நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறீக. அந்த எடத்துல நீங்க இருந்திருந்தா தெரியும் சார்.

ஒடனே அந்தப் பொண்ணு டாக்டரு தங்கச்சியை ஒரு ஓரமா உக்கார வச்சு பரிச்சை வச்சுச்சு. இன்னைக்குத் தேதி என்ன பாட்டி? அதுக்கு எங்க தேதி தெரியும், அமாவாசை எப்பன்டு கேட்டிருந்தா சொல்லும். நூறுலருந்து ஏழைக் கழிங்க, அதுலருந்து இன்னொரு ஏழைக் கழிங்க. பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காததுகிட்ட கழித்தல் கணக்கு! "வெறகுன்டா எண்ணிருவேன் தாயி, இது எனக்குத் தெரியாது"ங்குது. இந்தத் தாளுல கடியாரம் வரையுங்கன்டு சொல்லிப் பேனாவைக் குடுத்துச்சு. தங்கச்சி அந்தப் பேனாவைக் கையில வச்சுக்கிட்டு என்னையே பாத்துச்சு சார். வேற எதையும் பாக்கலை. பேனாவை அப்படியே மேசையில வச்சுருச்சு. அதுக்கப்பறம் என்ன கேட்டாலும் வாயைத் தொறக்கலை.

பொண்ணு டாக்டரு எழுதிக்கிச்சு, ஞாபகம் சரியில்லைன்டு.

"அப்ப நீங்கதான் முடிவு சொல்லணும், நீங்கதான் கையெழுத்துப் போடணும்"ன்டு எங்கிட்டக் கேட்டாக. மாத்திரையே போதும்ங்கன்டேன். போட்டுட்டேன்.

பெரிய டாக்டருக்கு மட்டும் மனசு ஒப்பலை போல. நாங்க கெளம்பும்போது கூப்பிட்டு, மெதுவாத்தேன் சொன்னாரு. "கட்டி இன்னும் வேற எடத்துக்குப் பரவலை. இப்ப எடுத்தா எடுத்துரலாம், விட்டா முடியாது. நெஜமாவே வயசு தப்புன்னா தாசில்தார்கிட்ட எழுதி வாங்கிட்டு அடுத்த வாரம் இதே மீட்டிங்குக்கு வாங்க. நானே பாக்குறேன்"ன்னாரு. டாக்டருக அப்படித்தேன் சொல்லுவாக, ஒரு ஆறுதலுக்கு. நான் சரிங்கய்யான்டு கும்பிட்டு வந்துட்டேன். திரைக்கு அங்கிட்டு பூமயிலு நின்ட எடத்துலயே நிக்குறா. கண்ணு மட்டும் செவந்திருந்துச்சு. என்னடின்டேன், ஏசிக் குளிருங்குறா.

எனக்குப் பயமா இருக்கு சார். ஒங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. ராத்திரி அது மொகத்துல முழிக்கணுமேன்டு பயமா இருக்கு. அது செத்துருமோன்டு பயமா இருக்கு. அதை அறுக்குறதுக்கும் பயமா இருக்கு, அறுக்காம விடுறதுக்கும் பயமா இருக்கு. ஆனா எல்லாத்தையும் விட அந்தத் தாசில்தாரு ஆபீசுல போயி நிக்குறதுக்குத்தேன் பயம். அங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும். சாத்தையாண்ணேன்டு எந்திரிச்சு சேரு போடுவாக. அங்க போயி நான் கைகட்டி நிக்கவா?

என்ன பஸ்சு நின்டுருச்சு? ஓ, தாலுகாபீஸ் ஸ்டாப்பா. இங்க கொஞ்ச நேரம் போடுவான், டிரைவரு டீ குடிப்பாரு. நீங்க உக்காருங்க, ஒங்க ஊருக்கு இன்னும் இருக்கு.

அது எங்க எந்திரிக்குது?

ஏ முத்துராக்கு! ஏ தாயி! நம்ம ஊரு இல்ல இது! எங்க எறங்குறே? பாத்தீகளா, திரும்பிக்கூடப் பாக்கலை. ஏ பூமயிலு, புடிடி அதை! அவ என்ன கல்லு மாதிரி உக்காந்திருக்கா.

எறங்கிருச்சு சார். ரோட்டைத் தாண்டுது. ஆபீசு கேட்டுக்குத்தேன் போகுது. போயி என்ன செய்யும்? இது வரைக்கும் ஒரு ஆபீசு வாசல்படி மிதிச்சது கெடையாது. எந்த ரூம்பு, யாரைப் பாக்கணும், ஒண்ணும் தெரியாது. எல்லாம் நாந்தேன் பாத்தது.

பொறுங்க, ஒரு போன் போட்டுக்கிறேன். அங்க கிளார்க்கு சந்தானம் நம்ம ஆளுதேன். இல்ல சார், நான் எறங்கலை. எறங்கிப் பின்னாடியே ஓடுனா நாலு பேரு என்னன்டு கேப்பாக. போன்லயே முடிச்சுருவோம். அடிக்குது.

ஹலோ, சந்தானம் சாரா? நான் சாத்தையா பேசுறேன், தலையாரி சாத்தையா. நல்லா இருக்கேன் சார், நீங்க நல்லா இருக்கீகளா? ஒண்ணுமில்ல, இப்ப ஒரு அம்மா ஆபீசுக்குள்ள வரும். ஊதாச் சீலை. ஆமா, எங்க ஊருதேன். வயசு, பணம்ன்டு என்னமாவது சொல்லும், கண்டுக்காதீக. பாவம், புத்தி கொஞ்சம் தடுமாறுது. ஆமா, ஆஸ்பத்திரிலயே எழுதிக் குடுத்துட்டாக. தாசில்தாருகிட்ட விட்டுறாதீக, ஒரு பெஞ்சுல உக்கார வச்சு தண்ணி குடுங்க. நான் சாயங்காலம் வந்து கூட்டிக்கிறேன். ஆமா சார், ஒருத்திதேன். தனியாத்தேன் வருது.

பூமயிலு. ஏ, நீ எங்கடி எந்திரிக்கிறே? உக்காரு. உக்காருங்குறேன்ல. பையை எதுக்கு எடுக்குறே?

ஒரு நிமிசம் சந்தானம் சார், லைன்ல இருங்க.

ஏ பூமயிலு! ஒன் அட்டையும் போயிரும்டி! ஒம் புருசன் செயிலுக்குப் போவான்டி! கேக்குதா?

எறங்கிட்டா. கூட்டத்துக்குள்ள அப்படியே எறங்கிட்டா. முப்பத்தெட்டு வருசம் சார், ஒரு நாளு என்னை எதுத்துப் பேசலை. இப்பவும் பேசலை பாருங்க. அந்தா, ரோட்டுல ஓடுறா. அது கையைப் புடிச்சுட்டா. ரெண்டு பேரும் கேட்டுக்குள்ள போறாக.

ஹலோ. ஆமா சார், லைன்ல இருக்கேன். இல்ல... ரெண்டு பேரு வாராக. ஆமா, ஒருத்தின்டுதேன் சொன்னேன், இப்ப ரெண்டு பேரு. பச்சைச் சீலை. அது... அது வந்து சார், அது என் வீட்டுக்காரி.

கேக்குறாரு சார். சிரிச்சுக்கிட்டேதேன் கேக்குறாரு. அந்தம்மாவுக்கும் புத்தி தடுமாறுதான்டு கேக்குறாரு.

லைன்லயே இருக்காரு. இன்னும் கேட்டுக்கிட்டுத்தேன் இருக்காரு.